பெட்டியில் ‘இஎன்சி’ என்று இருந்தால் விமான இரைச்சல் குறையுமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து நள்ளிரவு விமானத்தில் போனேன். நாலு மணி நேரமாவது தூங்கலாம் என்று 1,800 ரூபாய்க்கு ஒரு இயர்பட்ஸ் வாங்கியிருந்தேன். ஆன்லைனில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மாட்டினால் என்ஜின் இரைச்சல் அப்படியே கேட்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்து சீட்காரர் இயர்போன் இல்லாமல் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால் ‘இஎன்சி’ என்று இருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா? அவரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: ஏமாந்துதான் இருக்கிறீர்கள், ஆனால் தப்பு உங்களுடையது இல்லை. இஎன்சி (ENC) என்பது மைக்குக்கான வசதி. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள பஸ் சத்தம், காற்றுச் சத்தத்தைக் குறைத்து உங்கள் குரலை எதிர்முனையில் இருப்பவருக்குத் தெளிவாக அனுப்பும், அவ்வளவுதான். உங்கள் காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஏஎன்சி (ANC). அது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையைக் காதுக்குள் விட்டு அமுக்கும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், விலை குறைந்த இயர்பட்ஸ் விற்கிறவர்கள் பலர் இரண்டையும் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்ற ஒரே பெயரில் போட்டுவிடுகிறார்கள், வாங்குகிறவர் தானாக ஏஎன்சி என்று நினைத்துக்கொள்கிறார். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம்.

ஏஎன்சி ஹெட்போன் செய்யலாம் என்ற யோசனை, ‘போஸ்’ ஆடியோ கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸுக்கு வந்ததே ஒரு விமானத்தில்தான். அப்பா வங்காளத்துக்காரர், இவர் அமெரிக்காவில் பேராசிரியர். 1978-ல் ஸூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் போகும்போது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் என்ஜின் சத்தத்தை மீறி எதையும் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவருடைய கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவர 1989 ஆனது, அதுவும் முதலில் விமானிகளுக்குத்தான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏஎன்சி நன்றாக அடக்குவது என்ஜினின் ‘ஹூம்’ என்ற தாழ்ந்த, ஒரே சீரான இரைச்சலை. பேச்சு, குழந்தை அழுகை, பக்கத்து சீட் ரீல்ஸ் எல்லாம் அதற்கு அவ்வளவாகப் பிடிபடாது, அவற்றைத் தடுப்பது காதுத் துளையை அடைக்கிற ரப்பர் முனைதான். அதனால் பெட்டியில் வரும் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றையும் மாட்டிப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. கடையில் வாங்கினால் ஏசிக்குக் கீழே நின்று, பாட்டுப் போடாமல், ஏஎன்சியை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். ஏசியின் உறுமல் சட்டென்று அடங்கித் திரும்பி வந்தால் சரக்கு சரி. வித்தியாசமே தெரியாவிட்டால், பெட்டியில் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, 1,800 ரூபாய்? இயர்பட்ஸைப் பிரித்துவிட்டால் சுகாதாரக் காரணம் சொல்லித் திரும்ப எடுக்க மறுப்பார்கள். ஆனால் 2020-ன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தையும் பெட்டியையும் படம் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது அந்தப் பக்கத்து சீட்காரர். விமானம் மேலே பறக்கும்போது கேபினுக்குள் இரைச்சல் 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். அதை மீறிக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரைக் கூட்டித்தான் ஆக வேண்டும், அவர் கூட்டினால் மூன்று வரிசைக்குக் கேட்கும். போன வருடம் எனக்கும் இதே மாதிரி நடந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் பழைய பாட்டு வீடியோக்களைச் சத்தமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்துவிட்டு, ‘ஐயா, இயர்போன் எடுத்து வரலையா?’ என்று கேட்டேன். ‘செக்-இன் பெட்டியில போட்டுட்டேன் தம்பி’ என்றார். என் பையில் ஒரு வயர் இயர்போன் இருந்தது, கொடுத்தேன். அவர் போனில் அதைச் சொருகத் துளை இல்லை! இரண்டு பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், அப்புறம் அவரே போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால் முதல் வார்த்தை குற்றம் சாட்டுவதாக இருக்க வேண்டாம். ‘சார், கொஞ்சம் தூங்கணும், இயர்போன் போட்டுக்கிறீங்களா?’ போதும். ஒரு தடவை கேட்டு நடக்கவில்லையென்றால் இரண்டாவது தடவை நீங்கள் கேட்காதீர்கள், அழைப்பு பட்டனை அழுத்தி விமானப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். அது அவர்கள் வேலையில் ஒரு பகுதி, அவர்கள் சொல்வதற்கு எடை அதிகம். நள்ளிரவில் ஆத்திரத்தில் குரலை உயர்த்தினால் தகராறு செய்த பயணி என்று உங்கள் பெயரும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: என் நாலு வயதுப் பையன் ஹெட்போன் மாட்டவே மாட்டான். கார்ட்டூன் இல்லாமல் உட்காரவும் மாட்டான். ஸ்பீக்கரில் சத்தம் குறைத்து வைத்தால் தப்பா?

பதில்: தப்புதான் அம்மா. அந்த இரைச்சலில் குறைத்து வைத்தால் அவனுக்கே கேட்காது, ‘கேக்கல, கேக்கல’ என்று நீங்களே கூட்டிவிடுவீர்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் ஹெட்போன் மாட்டினால்தான் கார்ட்டூன் என்று பழக்குங்கள். காதுக்குள் போகும் இயர்பட்ஸ் வேண்டாம், தலைமேல் மாட்டும் சின்ன அளவு வாங்குங்கள். ‘85 டெசிபலுக்கு மேல் போகாது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி நாள் முழுக்க விடாதீர்கள்: உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். அப்படியும் மாட்டவில்லையென்றால் சத்தமில்லாமல் படத்தை மட்டும் ஓடவிடுங்கள், நாலு வயதுக் குழந்தைகள் பலருக்கு அதுவே போதும்.

அவன் அழுதால் அதற்காகக் கூனிக்குறுக வேண்டாம். விமானம் கீழே இறங்கும்போது காது அடைத்து வலிக்கும், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். அழுகையைப் போன் சத்தத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களை நான் ஏற்பதில்லை. குழந்தையால் அழுகையை அணைக்க முடியாது, போனை அணைக்க முடியும்.

கேள்வி: வயர்லெஸ் இயர்பட்ஸ் மட்டும் எடுத்துப் போனால் போதுமா?

பதில்: உங்கள் போனில் பார்க்கப் போதும், ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் ஆன் செய்துகொள்ளலாம். சீட் திரையில் பார்க்கப் பெரும்பாலும் வயர்தான் வேண்டும், சில பழைய விமானங்களில் இரண்டு முள் உள்ள சொருகி தேவைப்படும். காதைத் திறந்தே வைக்கும் வகை இயர்பட்ஸை விமானத்துக்கு வாங்காதீர்கள்: இரைச்சல் உள்ளே வரும், நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அது பக்கத்து சீட்டுக்குக் கசியும். எதை வாங்கினாலும் அதைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.