சின்னம்மாவும் சின்ன அம்மாவும்: ஆங்கிலக் கூட்டுப்பெயரில் அழுத்தம் எங்கே?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம் மகள் ‘கிரீன்ஹவுஸ்’ என்று வாசித்தபோது, அழுத்தம் பிழை என்று ஆசிரியை திருத்தினாராம். இரண்டு சொற்கள் சேர்ந்தால் எதை அழுத்துவது, அசையை எங்கே பிரிப்பது?

தமிழில் ‘சின்னம்மா’ என்பது உறவுமுறை. ‘சின்ன அம்மா’ என்றால் உருவத்தில் சிறிய தாய். அந்த வேறுபாட்டை நமக்குப் புணர்ச்சி காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் மாறாமல் நிற்க, அதே வேலையைக் குரலின் அழுத்தம் செய்கிறது. ‘கிரீன்’ என்பதை உயர்த்தி ‘ஹவுஸ்’ என்பதைத் தாழ்த்தினால் அது செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடம். ‘ஹவுஸ்’ மேலோங்கினால் பச்சை நிற வீடு. தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை என்பதால், நம் பிள்ளைகள் இரு பகுதிகளையும் சமமாகவே ஒலித்துவிடுகிறார்கள். அதற்காக மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஆகவே, இரு சொற்கள் ஒட்டி ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்டால், பெரும்பாலும் முதற்பகுதியையே அழுத்த வேண்டும். சேர்த்து எழுதுகிறார்களா, பிரித்து எழுதுகிறார்களா என்பதை வைத்து முடிவுசெய்ய முடியாது. ‘பஸ் ஸ்டாப்’ பிரித்தே எழுதப்பட்டாலும் அழுத்தம் ‘பஸ்’ மீதுதான். ‘ஸ்லீப்பிங் பில்’ தூக்கத்துக்கான மாத்திரை என்பதால் முதற்பகுதி அழுந்தும். தூங்கும் குழந்தையைச் சுட்டும் ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்பதிலோ ‘சைல்ட்’ அழுந்தும்.

விலக்குகளும் உண்டு, ஒன்று உங்கள் வாசலிலேயே இருக்கிறது. புறக்கோட்டை ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்பதில் ‘மெயின்’ அழுந்தும். காலி வீதியைக் குறிக்கும் ‘கோல் ரோட்’ என்பதில் ‘ரோட்’ அழுந்தும். ‘ஸ்ட்ரீட்’ என முடியும் பெயர்களுக்கு முன்னழுத்தம், ‘ரோட்’, ‘லேன்’, ‘அவெனியூ’ என முடிவனவற்றுக்குப் பின்னழுத்தம் என்பது ஆங்கில வழக்கு. அதை அப்படியே மனத்தில் பதிப்பதே வழி.

அசையைப் பொறுத்தவரை, கூட்டுச்சொல் எங்கே பொருந்தியதோ அங்கேயே பிரியும். இரவுக் கட்டணமாகிய ‘நைட் ரேட்’, இரசாயனவியல் பாடத்தில் வரும் ‘நைட்ரேட்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முன்னதில் டகர ஒலி முதல் அசையை மூடுகிறது, அதன் முன்னுள்ள உயிரொலியும் சற்றுக் குறுகுகிறது. பின்னதில் அது ரகரத்தோடு கூடி, ஏறக்குறைய சகரச் சாயலுடன் அடுத்த அசையைத் தொடங்குகிறது. மிகப் பழகிய சொற்களில் மட்டும் இந்தப் பொருத்து மறைந்துபோகும்: ‘கப்’, ‘போர்ட்’ சேர்ந்து உண்டான, அலுமாரியைக் குறிக்கும் சொல்லில் நடுவல்லொலி உதிர்ந்து, பின் உயிரும் தேய்ந்து, ‘கபட்’ என்றே ஒலிக்கிறது.

உச்சரிப்புக் காட்டும் அகராதிகளில், அழுந்தும் அசைக்கு முன்னால் மேற்புறமாக ஒரு சிறு நிமிர்கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து, அந்த அசையில் மட்டும் மேசையில் ஒரு தட்டுத் தட்டி வாசிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.