கோத்தகிரி சதுப்பு: டேங்கர்காரர் மதிக்காத பாதுகாப்புக் குழு

கோத்தகிரி சதுப்பில் தண்ணி எடுக்கிற டேங்கர்காரர் உங்க பாதுகாப்புக் குழுவை மதிக்கலை, சங்கமா பதியணுமான்னு கேட்டிருந்தீங்க. சங்கம் பதிய அலையாதீங்க. பல்லுயிர்ச் சட்டம் 2002, பிரிவு 41 படி ஊராட்சியே பல்லுயிர் மேலாண்மைக் குழு (ஊர் உயிரினங்களையும் இயற்கையையும் காக்கிற சட்டபூர்வக் குழு) அமைக்கணும். காகிதத்தில் ஏற்கனவே இருக்கலாம், கேட்டுப் பாருங்க. உங்க ஆட்களை அதில் சேர்க்க அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கேளுங்க.

டேங்கர்காரர் "நீங்க யாரு?"ன்னு கேட்டாருன்னா, காட்ட உங்ககிட்ட கோயில் வாசலில் வாங்கின கையெழுத்து மட்டும்தான் இருக்கு, ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அவர் மதிக்காததுக்கு அதான் காரணமா இருக்கும்.

முதலில் சர்வே நம்பரை வைச்சு அ-பதிவேட்டை (நிலம் அரசோடதா, பட்டாவான்னு காட்டுற வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்க. எங்க ஊரில் புறம்போக்குன்னு நம்பின சேற்றில், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிற்கிற மேல்பாதி பட்டா நிலம்! ஒரு வருஷம் வீண்.

பேரூராட்சின்னா கிராம சபை கிடையாது, மன்றத் தீர்மானம்தான். காப்புக்காடுன்னா வனத்துறையைக் கேட்காம வேலிகூடப் போடாதீங்க.