உப்பளத்தில் ஆய்வு செய்யப் போகும் மாணவர்களுக்கு: கேள்வி பதில்

சமூக மருத்துவத் துறையில் பல வருடங்களாக மாணவர் ஆய்வுகளுக்கு வழிகாட்டி வருகிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் ஆய்வு செய்யக் கிளம்பும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு "உப்பளத் தொழிலாளர்களின் உடல்நலம்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் போதுமா?

போதாது. அந்தத் தலைப்பில் பத்து ஆய்வு அடங்கும். ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள், அதையும் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் மாணவி ஒருத்தி கண் கூச்சம், பாத வெடிப்பு என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "கண்ணையும் காலையும் கேக்குறியேம்மா, ஒண்ணுக்கு எங்க போறீங்கன்னு கேட்டியா?" என்றார். சுற்றிலும் வெட்டவெளி, மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை, அதனால் அந்தப் பெண்கள் விடியற்காலையில் வேலைக்கு இறங்கினால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அந்த வெயிலில். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வராமல் என்ன செய்யும்? சிறுநீரகத்துக்கும் அது கேடு. அன்று இரவே அவள் கேள்வித்தாளை மாற்றினாள். மாற்றிய தாளுக்கு நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், வாங்கினோம், இரண்டு வாரம் போனது. போனால் போகட்டும்.

கேள்வி: களத்தில் எல்லாரையும் பார்த்துவிட்டோம். நோய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது. ஆய்வு தோல்வியா?

தோல்வி இல்லை, ஆனால் நீங்கள் பார்த்தது வேலைக்கு வர முடிந்தவர்களை மட்டும். முட்டி தேய்ந்தவர், பார்வை மங்கியவர், ரத்த அழுத்தம் ஏறிப் படுத்தவர் எல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். உடல் தாங்குகிறவர்கள் மட்டும் வேலையில் மிஞ்சுவதால் தொழில் நல்லது போலத் தெரியும், தொழில்நோய் ஆய்வுகளில் இது பழைய பொறி. ஊருக்குள் போய், கடந்த ஐந்து வருடத்தில் உப்பள வேலையை விட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள்.

கேள்வி: முதலாளி அனுமதி கொடுத்துவிட்டார். தொழிலாளர்களிடம் கைரேகை வாங்கினால் போதுமா?

முதலாளியின் அனுமதி உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். கங்காணி பக்கத்தில் நிற்கும்போது "எனக்கு விருப்பமில்லை" என்று ஒருவரால் சொல்ல முடியுமா? சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது சார்பில்லாத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. கங்காணியைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

கேள்வி: சாதி கேட்கலாமா? சங்கடமாக இருக்கிறது.

கேட்கலாம், எதற்குக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே கேட்கிறார்கள். கேட்காவிட்டால், யாருக்கு எந்த வேலை விழுகிறது, யாருக்கு நோய் அதிகம் என்பது கணக்கில் வராமலே போய்விடும். கடைசிக் கேள்வியாக வையுங்கள், பதில் சொல்ல மறுக்கும் உரிமை உண்டென்று சொல்லுங்கள், பெயர் இருக்கும் தாளில் அதை எழுதாதீர்கள். அப்புறம், முடிவுரையில் "விழிப்புணர்வு இல்லாததே காரணம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அந்த அக்காவுக்குத் தெரியாதா? 1848இல், இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கும் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அப்போது அதை ஆண்ட பிரஷ்ய அரசு ருடால்ஃப் ஃபிர்க்கோ என்ற டாக்டரை அனுப்பியது. வயது 26, உங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மருந்தை மட்டும் எழுதிவிட்டு வரவில்லை. அந்த மக்களுக்குக் கல்வியும் சுதந்திரமும் ஜனநாயகமும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்.

கேள்வி: ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 6 வந்தது. ஆய்வு முடியும்வரை காத்திருக்கலாமா?

ஒரு நாள்கூடக் கூடாது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 8க்குக் கீழே போனாலே கடும் ரத்தசோகை. "ஜி.ஹெச். போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும், அதனால் போகமாட்டார். ஆய்வு தொடங்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசி வைத்து, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், வேலை போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துவிடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும்.

கேள்வி: பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

இழந்த கூலியை ஈடுகட்டலாம், நெறிமுறைக் குழுவிடம் முன்பே சொல்லி. பணத்துக்காகவே சம்மதிக்கும் அளவுக்குப் பெரிய தொகை வேண்டாம்.

கேள்வி: சரி சார், இதெல்லாம் செய்து என்ன மாறப் போகிறது?

நியாயமான கேள்வி. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. கேரளத்தில் அதற்காகப் போராடியவர்கள் விற்பனைப் பெண்களே. ஆய்வுகள் அவர்களுக்குப் பதிலாகப் போராட முடியாது, ஆனால் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று அவர்கள் கையில் ஒரு கணக்கைக் கொடுக்கலாம். அதனால் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, யாரிடம் கேட்டீர்களோ அவர்களிடமே திரும்பப் போய் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் மாணவி மழைக்காலத்தில், உப்பளம் ஓய்ந்திருந்த நேரத்தில் போனாள். அந்த அக்கா முழுதும் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பிரதி வேண்டும் என்றார். ஒன்று சங்கத்துக்கு, இன்னொன்று தொழிலாளர் ஆய்வாளர் வரும்போது கொடுக்க.