வாசகர் கேள்வி–பதில்: மாடல்களுக்கு ஆயில் வாஷ்

கே: 1/35 அளவு ராணுவ டாங்க் பிளாஸ்டிக் மாடலுக்கு அக்ரிலிக் பெயிண்ட் அடித்துவிட்டு, ஓவியர்கள் பயன்படுத்தும் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆயில் கலரை நீர்க்கக் கரைத்து, இடுக்குகளை எடுத்துக்காட்டும் வாஷாகப் பூசினேன். ரிவெட் ஓரத்தில் நிற்கவேண்டிய நிறம் டாங்க் முழுக்கப் பரவி, வட்டம் வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. என்ன கோளாறு?
– வாசகர், நாகர்கோவில்

ப: வார்னிஷ் அடித்ததாக நீங்கள் எழுதவே இல்லை, கோளாறு அங்கேதான் இருக்கும். மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள். வாஷ் அந்தக் குழிகள் வழியாக நாலாபக்கமும் ஊறும். தின்னர் ஆவியாகும்போது நிறத்துகள்கள் ஈரத்தின் விளிம்புக்குப் போய்ச் சேரும். நீங்கள் பார்க்கும் வட்டம் அதுதான். கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடித்த பரப்பில் ஊற இடமில்லை என்பதால், வாஷ் தானாகவே பேனல் கோட்டை (தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பள்ளக்கோடு) பிடித்துக்கொண்டு ஓடும்.

அக்ரிலிக் பெயிண்ட் 24 மணி நேரம் காயட்டும். டீகால் (எண், சின்னம் போன்ற ஒட்டுப்படம்) ஒட்டுவதாக இருந்தால் கிளாஸ் அடித்து, ஒட்டி, மேலே இன்னொரு கிளாஸ் கோட் கொடுங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் மெல்லியதாக இரண்டு கோட் போதும். அதற்கும் 24 மணி நேரம் வேண்டும், மழைக்காலமென்றால் 48. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் ஆண்டில் பாதி மாதங்களுக்கு 48 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கலவை, மிளகளவு பெயிண்டுக்கு 1 மி.லி. மினரல் டர்பன்டைன். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளக்கலாம். 0 நம்பர் பிரஷ் நுனியால் ரிவெட் அடியிலும் கோட்டின் ஒரு முனையிலும் தொட்டால் போதும், மீதி தூரத்தை வாஷே ஓடிக்கொள்ளும். மொத்தமாக முழுக்காட்டவேண்டாம். 20 முதல் 30 நிமிடம் கழித்து, தட்டையான பிரஷை டர்பன்டைனில் நனைத்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, வழிந்ததைத் துடையுங்கள். செங்குத்தான பக்கங்களில் மேலிருந்து கீழாக மட்டும் இழுக்கவேண்டும். குறுக்கே இழுத்தால் ஏதோ அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் ஆகிவிடும். மூன்று நாள் கழித்து மேட் வார்னிஷ்.

ஏற்கெனவே விழுந்த வட்டங்கள் ஒரு நாளுக்கு உட்பட்டவை என்றால் டர்பன்டைன் ஈரத்தில் பெரும்பாலும் கரையும். அதற்கு மேல் போயிருந்தால் அடிப்படை நிறத்தை நீர்த்து, மெல்லிய கோட்டாக மேலே அடிப்பதே சுலபம்.

இன்னொன்று: எல்லாவற்றுக்கும் கருப்பு வாஷ் என்ற பழக்கம் வேண்டாம். பச்சை டாங்குக்கு ரா அம்பரில் துளி கருப்பு, மணல் நிறத்துக்கு பர்ன்ட் அம்பர், சாம்பல் நிறக் கப்பலுக்குக் கருப்பும் பர்ன்ட் அம்பரும் கலந்தது. வெள்ளைப் பரப்பில் கருப்பு வாஷ் பேனாவால் கோடு போட்டதுபோல் இருக்கும். அங்கே வெளிர் சாம்பல் போதும்.

கே: கடையில் ‘தின்னர்’ கேட்டு வாங்கினேன். வாஷ் பட்ட இடத்தில் பிளாஸ்டிக்கே இளகிவிட்டதே?
– வாசகர், மார்த்தாண்டம்

ப: உங்களுக்குக் கொடுத்தது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னராக இருக்கும். டொலுவீன் போன்ற கரைப்பான்கள் சேர்ந்தது அது. மாடல் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கதவு, ஜன்னல் எனாமலில் கலக்கும் மினரல் டர்பன்டைன் என்று சொல்லிக் கேளுங்கள். மண்ணெண்ணெய் ஆகாது, ஆவியாகாமல் பிசுக்கு நிற்கும். எதை வாங்கினாலும் முதலில் ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் மாடலுக்கு ஆகாது.

மினரல் டர்பன்டைனும் முழுக்க சாது இல்லை. பெயிண்ட் படாத உட்புறத்தில் தேங்கினால், இறுக்கமாகச் செருகிய அச்சு, சக்கரக் கம்பி போன்றவை விரிசல் விட்டு ஒடியும். அடிப்படை நிறம் எனாமலாக இருந்தாலும் வார்னிஷ் இல்லாமல் தொடவேண்டாம். நிறமே கரைந்து வரும்.

கே: ஒரு வாரமாகியும் வாஷ் பிசுபிசுக்கிறது. வெயிலில் வைக்கலாமா?
– வாசகர், தக்கலை

ப: வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். தின்னர் சில மணி நேரத்தில் போய்விடும். அதன் பிறகு ஆயில் கலரிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகவேண்டும். அம்பர் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். கருப்பும் டைட்டானியம் வெள்ளையும் மிக மெதுவாகக் காயும். அடுத்த முறை டியூப் கலரை அட்டைத்துண்டில் பிதுக்கி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பும் குறையும். இரவு முழுக்க விட்டால் ஒட்டும் சக்தியே போய், தொட்டால் பொடியாக உதிரும்.

கே: ஃபைபர் வள்ளம் ஒன்றை 1/48 அளவில் செய்கிறேன். துரு வழிந்த கோடுகளை எப்படி வரைவது?
– வாசகர், முட்டம்

ப: ஃபைபருக்குத் துரு ஏது? போல்ட், நங்கூரம், சங்கிலி என்று இரும்பு எங்கே தொடுகிறதோ அதன் கீழே மட்டும் கோடு விழும். மற்றபடி தண்ணீர் மட்டத்தில் பாசிப்பட்டை, வலை உரசி மங்கிய விளிம்பு, என்ஜின் பக்கம் எண்ணெய்க் கறை. நிறையத் துரு வேண்டுமென்றால் இரும்பு விசைப்படகு செய்யுங்கள்.

கோட்டுக்கு, மேட் பரப்பில் பர்ன்ட் சியன்னாவும் பர்ன்ட் அம்பரும் கலந்து, கரைக்காமல், ஊசிமுனையளவு புள்ளி வையுங்கள். லேசான ஈரமுள்ள தட்டைப் பிரஷால் கீழே இழுங்கள். மேலே அழுத்தமாகவும் கீழே போகப்போகக் கரைந்தும் முடியவேண்டும். நீளத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: மாடலில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் 48 செ.மீ. பழைய துரு கரும்பழுப்பு. ஆரஞ்சு நிறத்தை இரண்டொரு இடத்தில் மட்டும் தொட்டுக்காட்டலாம்.

மாதிரிக்குப் படமெடுக்க மீன்பிடித் தடைக்காலம்தான் வசதி. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பார்கள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கே: டயோராமா (மாடலை வைக்கும் காட்சியமைப்பு) தரைக்கு மணவாளக்குறிச்சி கருமணலைப் பொடித்துத் தூவலாமா?
– வாசகர், திங்கள்சந்தை

ப: கூடாது. அந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது. பொடித்தால் தூசி மூச்சில் போகும். பொடிக்காமல் தூவினாலும் அளவு இடிக்கும்: 0.2 மி.மீ. மணல் 1/35-இல் 7 மி.மீ. சரளைக்கல். செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்துங்கள்.

கே: வாஷ் துடைத்த துணிகளைக் குப்பைக்கூடையில் போடலாமா?
– வாசகர், குழித்துறை

ப: கசக்கிக் குவித்துப் போட்டால், ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வரும் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகு போடுங்கள்.