வீரிய ஒட்டுக் கஞ்சா விதை தருகிறார்கள், அரை ஏக்கரில் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தேவகோட்டை பக்கம். கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் செம்மண் நிலம் சும்மா கிடக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, வீரிய ஒட்டுக் கஞ்சா விதை தருகிறேன், மருந்துக்குப் போகிற சரக்கு, வடக்கே அரசாங்கமே அனுமதித்துவிட்டது, விதை விற்பது குற்றமில்லை, விளைந்ததை நானே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பயிர் செய்யப் பயமாக இருந்தால் நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள் என்றும் சொல்கிறார். நாற்று விடுவது முதல் நல்ல விளைச்சல் எடுப்பது வரை சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அந்த விதையை வாங்காதீர்கள், நிலத்தையும் அவருக்கு விடாதீர்கள். அதைப் பயிர் செய்யும் முறையையும் நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதை விவரமாகவே சொல்கிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை கலந்திருக்கிறது, அதுதான் ஆபத்து.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இல் வந்தது. அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தாலே அதன் 20ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அறுத்து விற்றால்தான் குற்றம் என்பதில்லை, செடி வளர்ந்து நிற்பதே குற்றம். விதையைப் பற்றி அவர் சொன்னது ஒரு அளவுக்குச் சரி. பூங்கொத்து சேராத வெறும் விதை சட்டத்தில் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. கஞ்சாச் செடியிலேயே போதை குறைந்த ரகமான நார்ச் சணலின் விதையை உணவுக்காக உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதித்தும் இருக்கிறது. ஆனால் அதே விதையை மண்ணில் ஊன்றி முளைக்க வைத்தால் வழக்கு உங்கள் மேல். விற்றவர் கைகழுவிவிட்டுப் போய்விடுவார்.

குத்தகைக்கு விட்டாலும் தப்ப முடியாது. இன்ன பயிர் என்று தெரிந்தே நிலத்தை விட்டவருக்கும் 25ஆவது பிரிவில் அதே தண்டனைதான். தன் நிலத்தில் அந்தச் செடி சட்டவிரோதமாக வளர்வது தெரிந்தால் உடனே போலீசுக்குச் சொல்வது நிலத்துக்காரரின் கடமை என்று 46ஆவது பிரிவு சொல்கிறது. பட்டா உங்கள் பேரில் இருக்கிறது, அவர் பேர் எங்கேயும் இல்லை. இதை வீட்டில் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.

வடக்கே அனுமதி என்பது உத்தராகண்டில் 2018 முதல் உரிமத்தின் பேரில் நடக்கும் நார்ச் சணல் சாகுபடி. போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற ரகங்களுக்குத்தான் அந்த உரிமம். ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் மருந்து ஆராய்ச்சிக்காக வளர்க்கிறது, அது காவலுக்கு உட்பட்ட தோட்டம். உங்களிடம் வந்தவர் சொல்லும் வீரிய ரகம் இந்த இரண்டிலும் சேராது. நார்ச் சணலுக்கு நாளை இங்கேயும் அனுமதி வரட்டும், அப்போதும் நான் யோசிக்கத்தான் சொல்வேன். அது பகல் குறைந்தால் பூக்கிற பயிர். குளிர்நாட்டில் கோடைப் பகல் நீளமாக இருப்பதால் தண்டு உயர வளர்ந்து நார் கிடைக்கிறது. நம் செட்டிநாட்டில் ஆனியிலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. அந்த ரகங்கள் இங்கே குட்டையிலேயே பூத்துவிடும்.

விதையென்றால் நான் முதலில் கேட்பது பில்லும் அட்டையும்தான். குவியல் எண், முளைப்புத் திறன், காலாவதி நாள் எதுவும் இல்லாத விதையை எந்தப் பயிருக்கும் வாங்கக் கூடாது. முளைக்காமல் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

உங்கள் அரை ஏக்கருக்குக் கிணறு இருக்கிறது, செம்மண்ணில் தண்ணீர் தேங்காது. வீரிய ஒட்டு மிளகாய் போடுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டு மிளகாய் கோ 1 ஆய்வில் ஹெக்டேருக்குச் சுமார் 28 டன் பச்சை மிளகாய் கொடுத்தது, பழ அழுகலையும் ஓரளவு தாங்கும். உங்கள் வயலில் அந்த அளவு வரும் என்று கணக்குப் போடாதீர்கள், பாதி வந்தாலும் கட்டும். காரைக்குடி, தேவகோட்டை சந்தையில் பச்சையாகவே தள்ளிவிடலாம்.

அரை ஏக்கருக்கு 40 முதல் 50 கிராம் விதை போதும். ஆவணியில் நாற்று விடுங்கள். 98 குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை. 75க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 4,500 நாற்று பிடிக்கும், முளைக்காததற்கும் வாடிப்போவதற்கும் சேர்த்து 50 தட்டு விடலாம். விதையை டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் நேர்த்தி செய்யுங்கள். நாற்றங்காலை நைலான் வலையால் மூடியே ஆக வேண்டும். இலைச்சுருட்டை நோயை வெள்ளை ஈ நாற்றிலேயே ஏற்றிவிட்டால் பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பாது. மிளகாயில் நஷ்டப்பட்டவர்களில் பலர் இந்த வலைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்தவர்கள்.

அரை ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் போட்டு உழுங்கள், நம் செம்மண்ணில் மக்கிய சத்து மிகக் குறைவு. 35 முதல் 40 நாள் நாற்றைப் புரட்டாசியில் மேட்டுப் பாத்தியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் மூச்சுவிட அந்த மேடுதான் வழி. வயலைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் போட்டால் வெள்ளை ஈ நுழைவது குறையும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பேன். இரண்டுக்கும் மருந்து வேறு, பார்த்துவிட்டுத் தெளியுங்கள். தொடக்கத்திலேயே வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் கொடுத்து வந்தால் கடும் மருந்துக்குப் போவது குறையும். நட்ட 75ஆம் நாளை ஒட்டிப் பறிக்கலாம், பொங்கலுக்கு முன்பே பச்சைக்காய் கிடைக்கும். முதல் இரண்டு பறிப்பைப் பச்சையாகவும் அதற்குப் பிறகு பழுத்ததைப் பறித்து வற்றலாகவும் எடுங்கள். காயில் விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைக்காதீர்கள், ஒட்டின் குணம் பிரிந்துபோகும்.

நாற்று விடும் முன் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ செட்டிநாட்டு வறட்சிநில ஆராய்ச்சி நிலையத்திலோ மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணீரில் உப்பு அதிகமென்றால் மிளகாய் தாங்காது, அப்போது வேறு பயிரைப் பேசலாம். அந்த வெளியூர்க்காரர் மறுபடி வந்தால் வீட்டுக்குள் உட்கார வைக்காதீர்கள். அவர் கொடுத்த விதைப் பொட்டலம் ஏதாவது கையில் இருந்தால் ஊர்த் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ கூட்டிக்கொண்டு போய் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.