தோசைக்கல் பெரிது, மாவு அதேதான்: டிவிடியும் ஹெச்டியும்

கேள்வி (சேலம்): சார், என் டிவிடி பிளேயர் பெட்டியில் ‘1080பி அப்ஸ்கேலிங்’ என்று போட்டிருக்கிறது. இனி ப்ளூ-ரே எதற்கு?

பதில்: அந்த 1080, பிளேயர் டிவிக்கு அனுப்பும் அளவு. வட்டில் அவ்வளவு இல்லை. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 720 × 576 புள்ளிகள். ப்ளூ-ரே வட்டில் இருக்கும் ஹெச்டி படத்தில் 1920 × 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. அமெரிக்க முறையான என்டிஎஸ்சி வட்டென்றால் ஆறு மடங்கு. மிச்சத்தையெல்லாம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்புகிறது. தோசைக்கல்தான் பெரிது, மாவு அதேதான்.

ஒருமுறை ஒரே படத்தின் டிவிடியையும் ப்ளூ-ரேயையும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிட்டேன். முகம் திரையை அடைத்து நிற்கும் ஷாட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாயகி தூரத்தில் நடந்து வரும் ஷாட்டில்தான் குட்டு உடைந்தது. ப்ளூ-ரேயில் புடவையின் பொடிக்கட்டம் தெரிந்தது. டிவிடியில் அது வெறும் சாம்பல் புடவை. கழுத்துச் சங்கிலியைக் காணவே காணோம்!

கேள்வி (திருநெல்வேலி): 32 அங்குல டிவி, பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கண்ணில் கோளாறோ?

பதில்: கண்ணுக்கு ஒன்றுமில்லை. உங்கள் திரையின் உயரம் சுமார் 40 செ.மீ. ஹெச்டியின் நுணுக்கம் முழுக்கத் தெரிய, உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில், அதாவது 1.2 மீட்டரில் உட்கார வேண்டும். நீங்கள் ஏழு மடங்குக்கும் அப்பால் இருக்கிறீர்கள். அங்கிருந்து டிவிடியின் புள்ளி வரிகளையே கண்ணால் பிரித்தறிய முடியாது. அதே இடத்தில் 55 அங்குல டிவி வந்தால் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். அதுவரை காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி (கோவை): இன்னும் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர்தான். மாற்ற வேண்டுமா?

பதில்: இன்றைக்கே. மஞ்சள் வயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வருவதால் விளிம்புகளில் புள்ளிகள் ஊரும். ஹெச்டிஎம்ஐ வயர் போட்டால் அந்தத் தொல்லை போய்விடும். அப்புறம், பெரிதாக்கும் வேலையைப் பிளேயர் செய்யட்டுமா, டிவி செய்யட்டுமா என்று இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். ஓடுகிற காட்சியில் விளிம்பு சீப்புப் பல் மாதிரி கிழியாமல் எதில் வருகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை): யூடியூபில் பழைய படங்களை, ஹெச்டியைவிடவும் நுணுக்கமான ‘ஃபோர்கே’ (4K) என்று போடுகிறார்களே, நம்பலாமா?

பதில்: டைட்டில் ஓடும்போது நிறுத்தி, பொடி எழுத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி வெள்ளைக் கோடு இருந்தால், செயற்கையாகக் கூர்மையாக்கியது என்று சந்தேகப்படுங்கள். ஏஐ வைத்துப் பெரிதாக்கியிருந்தால் முகமெல்லாம் மெழுகு பொம்மையாகிவிடும். உருப்படியான வழி, நெகட்டிவிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்வதுதான். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க டிவி தொடரை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, வீடியோ டேப்பில் எடிட் செய்திருந்தார்கள். 2012இல் தொடங்கிய ப்ளூ-ரே வெளியீட்டுக்காக நெகட்டிவைத் தேடி எடுத்து, முழுக்க மறுபடி எடிட் செய்தார்கள்.

கேள்வி (திருச்சி): அப்படியானால் எந்தப் படமானாலும் ப்ளூ-ரேதான் உசத்தியா?

பதில்: இல்லை. ‘28 டேஸ் லேட்டர்’ என்ற ஆங்கிலப் படம் பெரும்பகுதி மினி-டிவி (MiniDV) எனும் சின்ன வீடியோ டேப் கேமராவில் எடுத்தது. மூலமே டிவிடி அளவுதான் என்பதால் ப்ளூ-ரேயிலும் சொரசொரப்பாகவே இருக்கும். கடைசிக் காட்சி மட்டும் 35 மி.மீ. ஃபிலிம். அங்கே வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டதுபோல் படம் தெளிவதைக் கவனியுங்கள்.