திவால் மனுவுக்கு முன் மைத்துனரின் கடன்

வணக்கம்.

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். வேலை போன பிறகு கிரெடிட் கார்டு பாக்கியும் மருத்துவமனை பில்லும் சேர்ந்து 70,000 டாலரைத் தாண்டிவிட்டன. திவால் மனு கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அதற்கு முன், என்னை நம்பிக் கைமாற்றாகக் கொடுத்த மைத்துனரின் 9,000 டாலரையாவது 401(கே) ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து எடுத்து அடைத்துவிட நினைக்கிறேன். மனு கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கும்? வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடன் தொகையைவிட, மைத்துனருக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும் என்ற உங்கள் முடிவுதான் என்னைக் கலங்கவைத்தது. மானத்துக்கு அஞ்சும் எவருக்கும் அது நியாயமாகவே தோன்றும். ஆனாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மனு கொடுப்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள் நெருங்கிய உறவினருக்கு அடைத்த கடனை, கடன் கொடுத்த மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் காட்டிய சலுகையாகவே அமெரிக்கத் திவால் சட்டம் பார்க்கிறது. உங்கள் கணக்கு வழக்குகளை ஆராய்ந்து, கடன் கொடுத்தவர்களின் சார்பில் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படும் அதிகாரியான டிரஸ்டி அந்தப் பணத்தை உங்கள் மைத்துனரிடமே திருப்பிக் கேட்கலாம். தர மறுத்தால் அவர்மீது வழக்கும் தொடுக்கலாம். உதவி செய்தவரை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்ட சங்கடம்தான் மிஞ்சும்.

பணத்தை எடுக்க நினைக்கும் இடமும் தவறானது. 401(கே) கணக்கில் இருக்கும் வரை அந்தச் சேமிப்பைக் கடன் கொடுத்தவர்கள் பொதுவாகத் தொட முடியாது. வெளியே எடுத்தால் வருமான வரி விழும். 59½ வயது நிறையாதவராக இருந்தால் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் சேரும். மைத்துனரின் பெயரையும் தொகையையும் மறைக்காமல் மனுவின் பட்டியலில் எழுதுங்கள். கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவு வந்த பிறகு, உங்கள் சம்பாத்தியத்திலிருந்து அவருக்கு நீங்களாக விரும்பித் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இதை இப்போதே அவரிடம் மனம் விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி, நடைமுறை. மனுவுக்கு முந்தைய 180 நாட்களுக்குள், அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்றில் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். மனு பதிவான உடனே, வசூல் அழைப்புகளும் வழக்குகளும் சம்பளப் பிடித்தமும், சில விலக்குகள் தவிர, நிற்க வேண்டும். வருமானம் குறைவாக இருந்தால், திவால் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயம்: விலக்கில்லாத சொத்து இருந்தால் அதை விற்றுக் கடனுக்குக் கொடுத்து, மீதியிலிருந்து விடுவிக்கும் வழி. நிலையான வருமானம் இருந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு பகுதியையாவது கட்ட முடியுமென்றால், தவணைத் திட்டப்படி அடைக்கும் 13-ஆம் அத்தியாயம். நீங்கள் அஞ்சுவதுபோல் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்வது மிக அரிது. அன்றாடப் பொருள்களுக்கும், ஒரு வரம்புவரை வாகனத்துக்கும் வீட்டுக்கும் விலக்கு உண்டு. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் வாகனக் கடனோ வீட்டுக் கடனோ இருந்தால், அவற்றை வைத்துக்கொள்ளத் தவணையைத் தொடர்ந்து கட்டியாக வேண்டும்.

பலரும் தூக்கத்தைத் தொலைப்பது, ஒரு மாதம் போலக் கழித்து வரும் கடன் கொடுத்தவர்களின் கூட்டத்தை நினைத்துத்தான். அதில் நீதிபதி கலந்துகொள்வதில்லை. இப்போது பெரும்பாலும் காணொளியில் நடக்கிறது. அடையாள அட்டையையும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான சான்றையும் காட்டி, உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்த பின், டிரஸ்டி கேட்பார்: கையெழுத்திடும் முன் மனுவைப் படித்தீர்களா? சொத்துகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? அண்மையில் யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்தீர்களா? எளிய வழக்குகளில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிரெடிட் கார்டு நிறுவனங்கள் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உங்களிடம் ஒளிக்க ஏதுமில்லை என்றால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வாகனத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு இல்லையென்று சொல்வதுபோன்ற பொய் மட்டும் குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும்.

மருத்துவ பில்லும் கிரெடிட் கார்டு பாக்கியும் பெரும்பாலும் நீங்கிவிடும். குழந்தைப் பராமரிப்புத் தொகை, அண்மைய வரிகள், பெரும்பாலான கல்விக் கடன்கள் நீங்கா. 7-ஆம் அத்தியாய மனு உங்கள் கடன் வரலாற்றில் பத்தாண்டுகள் வரை இருக்கும். ஆனால் உங்கள் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) அதற்கு வெகுமுன்பே ஏறத் தொடங்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மனுவுக்குப் பிறகு, நிதி மேலாண்மை குறித்த இன்னொரு வகுப்பையும் முடித்துச் சான்றிதழைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விடுவிப்பு உத்தரவு இல்லாமலே வழக்கு மூடப்படலாம். முதல் சந்திப்புக்குப் பல திவால் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஒருவரைப் பார்த்துப் பேசும் வரை அந்த 401(கே) கணக்கில் கை வைக்காதீர்கள்.